தரையில் வைக்காத தோட்டம்

என்னிடம் ஒரு நாட்காட்டித் தாள் இருக்கிறது. தினம் ஒன்றாகக் கிழிப்பார்களே, அந்த வகை. முன்பக்கத்தில் ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை என்று தெரிகிறது. தேதி எண் இருந்த இடத்தில் ஆணி துளைத்த ஓட்டை. வருடம் இருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. பின்பக்கத்தில் நீல மையில், எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கும் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

“மாடியில் குடியிருப்போர் கவனத்திற்கு. பால்கனித் தரையில் பூந்தொட்டி, மண்சட்டி, பக்கெட், மண் மூட்டை எதையும் வைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.”

ஆணி அடிக்கக் கூடாது என்ற இந்த அறிவிப்பை வீட்டுக்காரர் மாடிப்படிச் சுவரில் ஆணி அடித்துத்தான் மாட்டியிருந்தார். அதைப் பார்த்துச் சிரிக்கும் வயது அப்போது எனக்கு வரவில்லை. வருடத்தை வேறு வழியில் கண்டுபிடித்தேன். நாங்கள் பாலக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரை விட்டுத் தருமபுரிக்குக் குடிவந்தது நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அது இருக்கிறது. அடுத்த ஆனியில் இந்தத் தாள் சுவரில் இல்லை. ஆகவே இது அந்த முதல் ஆனிதான்.

அப்பா பஸ் கண்டக்டர். சித்தேரி மலைக்குப் போகும் வண்டியில் வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கு வருவார். அவருடைய டெப்போவும் என்னுடைய பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் எங்களை அந்த மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தன. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பால்கனியில் நின்றால் தெரு முழுக்கத் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. காரணம் தக்காளி.

அம்மா பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தக்காளிதான் வெள்ளாமை. நாற்று நடுவது, குச்சி ஊன்றுவது, கொடியைக் கயிற்றில் கட்டுவது, பழுக்கத் தொடங்கும்போதே பறித்து மார்க்கெட்டுக்கு ஏற்றுவது என்று அவள் கை நின்றதே இல்லை. அப்படிப்பட்டவள் தருமபுரியில் தள்ளுவண்டிக்காரரிடம் தக்காளி வாங்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு மானப்பிரச்சினை. வாங்கி வரும்போது பையில் தக்காளிக்கு மேல் கீரைக்கட்டை வைத்து மறைத்துக்கொண்டு வருவாள். எங்கள் ஊர்க்காரர் யாராவது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள்!

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள்.

“ஆடி பொறக்கறதுக்குள்ள நான் எதையாச்சும் நடணும். இல்லன்னா பாப்பாவ நீங்க பாத்துக்கோங்க. நான் ஊருக்குப் போறேன்.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். அம்மா சொன்னால் செய்கிறவள்.

ஆனால் நடுவதற்கு இடம் எது? பால்கனி ஒன்றுதான். அதற்கும் அந்தத் தாள் காவல் நின்றது. முன்பு குடியிருந்தவர்கள் வரிசையாகத் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றியதில் கீழே வீட்டுக்காரருடைய முன்னறைக் கூரையில் ஓதம் இறங்கிவிட்டதாம். அந்தக் கறையை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரி நிறுக்கும் எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் கறார். எங்களிடம் பேசுவதென்றால் வாசலில் நின்று அண்ணாந்து பேசுவார். மாடிப்படி ஏறி வந்ததில்லை. முட்டிவலி என்று அம்மா சொல்லியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டினார். எந்த வேலையையும் அரை மணியில் முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். படியேறும்போது அறிவிப்பைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மேலே வந்து பால்கனியைப் பார்த்தார். பால்கனியின் வெளி விளிம்பில், தலைக்கு மேலே, துணி காயப்போட வீட்டுக்காரரே பொருத்திய இரும்புக் குழாய் ஒன்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடியது.

“அக்கா, தரையில வெக்கக் கூடாதுன்னுதான எழுதியிருக்காரு?”

“ஆமா.”

“காத்துல வெக்கக் கூடாதுன்னு எழுதலயே!”

அம்மா குழாயைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். குடிவந்த பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்றைக்கே சாக்பீஸை எடுத்துத் தரையில் படம் போட ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த தடவை மாமா ஒரு பெரிய மூட்டையோடு வந்தார். பாலக்கோட்டு ஓட்டல்களில் காலியான எண்ணெய் கேன்கள், தக்காளிக் கொடி கட்டும் பிளாஸ்டிக் கயிறு, எங்கள் தோட்டத்தில் மிஞ்சிய சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள், குழித்தட்டோடு தக்காளி நாற்று. ஒரு சாக்கில் செம்மண். நாற்றைக் கண்டதும் அம்மா மற்றதையெல்லாம் மறந்துவிட்டாள். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “காஞ்ச மாதிரி இருக்குதே, டெம்போவுக்குள்ள பூட்டியா வெச்சிருந்த?” என்று திட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்தாள்.

கேன் வேலை இப்படி நடந்தது. கேனின் அடிப்பக்கத்தைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்தால் அது ஒரு புனல். மூடி கீழே வரும். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மூடியில் ஒரு துளை. அந்தத் துளையில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு. மேல் விளிம்பில் கயிறு கோக்க எதிரெதிராகத் துளைகள். பிளாஸ்டிக் கருகும் வாடை வீடெல்லாம் பரவியது. மாமா கம்பியை நீட்ட, நான் கேனை இறுக்கிப் பிடிக்க, “புஸ்ஸ்” என்று புகை வர, இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

முதல் கேனில் செம்மண்ணை நிரப்பி, ஒரு நாற்றையும் நட்டுக் குழாயில் மாட்டினார் மாமா. கையைத் தட்டிக்கொண்டு, “எப்பிடி?” என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் கயிறு துளையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கேன் கீழே போனது. தொம் என்று ஒரு சத்தம். நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். வீட்டுக்காரரின் மொபட் சீட்டில் ஒரு சிறிய செம்மண் மலை. அதன் உச்சியில் நேராக நின்றுகொண்டு ஒரு தக்காளி நாற்று.

“நல்லாத்தான் உழுந்திருக்குது” என்றார் மாமா.

வீட்டுக்காரர் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா விளக்குமாற்றோடும் நான் ஈரத்துணியோடும் படியில் ஓடினோம். அவர் தெருமுனையில் திரும்பும்போது மொபட் அவர் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அன்று என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அதன் பிறகு அம்மா வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். “தொங்கறதுக்குச் செம்மண்ணு ஆவாது. கனமில்லாம வேணும்” என்று மாமாவைத் திருப்பி அனுப்பினாள். அவர் தென்னை நார்த்தூளும், சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டி மீந்த கறுப்புக் கழிவும் கொண்டுவந்தார். இரண்டையும் கலந்தால் கேன் பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருந்தது. விளிம்புத் துளைகளில் கயிறு அறுக்காமல் இருக்கக் குழாய்த் துண்டுகளை வளையமாகச் செருகினாள். முடிச்சு அவளுடையது. தக்காளித் தண்டு பருக்க இடம் விட்டுக் கட்டுவார்களே, எட்டு வடிவத்தில், அதே கட்டு.

ஆனால் தண்ணீர்? கேனில் ஊற்றினால் அடியில் சொட்டும். சொட்டினால் நேராக வீட்டுக்காரரின் வாசற்படி.

இதற்கு விடை சொன்னது நான்தான் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. மாமாவும் அதையே தன்னைப் பற்றிச் சொல்கிறார். சாக்பீஸ் படத்தில் ஒரு கேனுக்குக் கீழே இன்னொரு கேன், அதற்குக் கீழே இன்னொன்று என்று வரைந்திருந்தேன். அழகுக்காக வரைந்ததா, யோசித்து வரைந்ததா என்று இப்போது நினைவில்லை. மேல் கேனில் வடிவது நடுக் கேனுக்கு, நடுக் கேனில் வடிவது கீழ்க் கேனுக்கு, அதில் வடிவது கடைசியாகக் கட்டித் தொங்கும் ஒரு குளியல் மக்குக்கு. மக்கு நிறைந்தால் எடுத்து மறுபடி மேலே ஊற்றிவிடலாம். தெருவுக்கு ஒரு சொட்டும் போகாது.

முதல் வரிசையைத் தொங்கவிட்டு அம்மா சொம்பால் ஊற்றினாள். மூவரும் மூச்சு விடாமல் நின்றோம். மேல் கேன் தண்ணீரைக் குடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊற்றினாள். நான் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக் குழாய்த் துண்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முனையில் ஒரு கறுப்புத் துளி முளைத்தது. பெருத்தது. நடுங்கியது.

“வருது! வருதும்மா!”

நடுக் கேன். காத்திருப்பு. கீழ்க் கேன். மறுபடி காத்திருப்பு. கடைசியில் மக்கில் “டக்” என்று ஒரு சத்தம். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். “காவேரி வந்துருச்சு!” என்று கத்தினார். ஆலைக்கழிவின் வழியே வந்த தண்ணீர் பால் விடாத டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. எங்களுக்கு அது தீர்த்தம் மாதிரிதான் தெரிந்தது.

குழாய் முழுக்க வரிசைகள் வந்தன. தக்காளிக்கு நடுவே அம்மா மிளகாயும் புதினாவும் வைத்தாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, “மேல்வூட்டு அக்கா, என்னாங்க இது, தோரணமா?” என்று கேட்டார். “தோட்டம்!” என்று நான் கத்தினேன்.

இரண்டு நாள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அவர் கமிட்டியில் முக்கியமானவர். வீட்டில் தங்கவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

“ஏம்மா, மேல இருக்கறது யாரு? இது என்னா, எங்க மில்லு வாசனையா இருக்குது?”

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

“செடிங்க சார்.”

“எழுதிப் போட்டிருந்தனே, படிக்கலயா?”

“படிச்சோம்ங்க சார். தரையில வெக்கல.”

அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தன் எழுத்தைத் தானே மனத்துக்குள் வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, “நீங்க எழுதினது அப்பிடித்தானங்க” என்று குரல் கொடுத்தது மேலே எங்களுக்கும் கேட்டது.

“தண்ணி?” என்றார் அவர்.

“சொட்டாதுங்க சார்.”

“சொட்டாதா?”

“ஒரு சொட்டும் உழாது சார்! கியாரண்டி!” இது மாமா. யாரும் கேட்காமலே அம்மாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிவிட்டார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். எடை மேடையில் லாரியை நிறுத்தச் சொல்வதுபோலக் கையைத் தூக்கினார்.

“சரி. நாளைக்குக் காலையில வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு கோயிலுக்குக் கெளம்புவேன். போறதுக்கு முன்னால இதுக்கு நேரா அடியில வந்து நிப்பேன். நீ தினமும் ஊத்தற தண்ணிய ஊத்தணும். கொறைச்சி ஊத்தக் கூடாது. என் சட்டையில ஒரு சொட்டு உழுந்தாலும் சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் எறக்கிடணும். என்னா?”

“சரிங்க சார்” என்றாள் அம்மா.

அந்தச் “சரிங்க”வில் என் வாழ்க்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றியது. கேன்கள் இறங்கினால் அம்மா ஊருக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அப்பாவும் மலையில் இருந்தார். நானும் மாமாவும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தோம். கடைசி வரிசையில் மக்கைக் கட்டியது நான். அதை மட்டும் எனக்குத் தெரியாமல் மாமா அவிழ்த்துக் கட்டினார் என்று பின்னால் அறிந்தேன்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. திருவிழாவின் கடைசி நாள். அம்மன் ஊர்வலம் வரும்போது மாமன், மச்சான் என்று முறை வருகிறவர்கள் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். யார் மேல் ஊற்றினாலும் அவர் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தெருவே சேர்ந்து கேலி செய்யும். தெருவில் எல்லோருமே அன்று பழைய துணிதான் உடுத்துவார்கள், வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர. அவர் மேல் அதுவரை யாரும் ஊற்றியதில்லை என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று. காலையில் கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு வந்து எங்கள் கேன்களுக்கு நேர் கீழே நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

செய்தி எப்படிப் பரவியதோ! எதிர்வீட்டுத் தையல் அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். ஊர்வலத்துக்குத் தயாராகக் குடங்களோடு நின்ற பையன்களும் வந்துவிட்டார்கள். தூரத்தில் கோயில் பக்கம் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

“ஊத்தலாம்மா” என்றார் வீட்டுக்காரர்.

அம்மா சொம்பை எடுத்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. திருவிழா நாள் என்பதால் வீட்டில் எல்லாமே அன்று மஞ்சளாகத்தான் இருந்தது. நான் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் வரிசை. மேல் கேன், நடுக் கேன், கீழ்க் கேன், மக்கு. ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாவது வரிசை. விழவில்லை. வீட்டுக்காரர் அண்ணாந்தபடியே ஒரு அடி நகர்ந்து அடுத்த வரிசைக்கு அடியில் நின்றார். தையல் அக்கா, “கழுத்து சுளுக்கிக்கும்ங்க சார்” என்றார். யாரோ சிரித்தார்கள். மாமா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. நான் சொல்லவில்லை.

கடைசி வரிசை வந்தது. நான் கட்டியதாக நான் நம்பிக்கொண்டிருந்த மக்கு. அம்மா மேலே ஊற்றினாள். கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து நான் மக்கையே பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: முந்தின நாள் தண்ணீரை அதிலிருந்து யாரும் எடுத்து ஊற்றவில்லை. மக்கு ஏற்கெனவே முக்கால் நிறைந்திருந்தது. கேனிலிருந்து டக், டக் என்று விழுந்துகொண்டிருந்தது. டீத்தண்ணி நிறத்தில் நீர்மட்டம் ஏறியது. விளிம்பைத் தொட்டது. விளிம்புக்கு மேலே, கண்ணாடி மாதிரி, கொஞ்சம் உப்பி நின்றது. இன்னும் ஒரு துளி விழுந்தால் போதும்.

“அம்மா” என்று கிசுகிசுத்தேன்.

அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரரின் சட்டைப் பையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

மஞ்சள் சொட்டு. கடுகளவு விழுந்து, கஞ்சி போட்ட துணியில் மெல்லப் பரவிப் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. எல்லாம் முடிந்தது, அம்மா பையை எடுத்துக்கொண்டு பாலக்கோடு பஸ் ஏறப்போகிறாள் என்று நினைத்து அழ ஆரம்பித்தேன்.

அப்போது தையல் அக்காவின் குரல் கேட்டது.

“ஐயோ! மேல்வூட்டு அக்கா சாருக்கு மஞ்சத்தண்ணி ஊத்திருச்சு! சார் இனிமே மாமன் மொறைதான்!”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. மற்ற நேரத்தில் இதில் பாதி வேடிக்கைக்கே தெரு அதிரும். இப்போது இஸ்திரிக்காரர் தரையைப் பார்த்தார். பையன்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். தையல் அக்காவே, சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவர்போல வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மேளம் மட்டும் தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் மாமாவின் கை என் தோளை விட்டுவிட்டது.

வீட்டுக்காரர் சட்டைப் பையைப் பார்த்தார். விரலால் தொட்டார். அண்ணாந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா சொம்போடு அப்படியே நின்றாள். தலையைக் குனியவில்லை.

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. வாசற்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இத்தன வருசமா ஒருத்தரும் ஊத்தலன்னு பீத்திக்கிட்டீங்களே! போச்சா? ஒரே சொட்டுல போச்சா?”

வீட்டுக்காரரின் மீசை ஒரு பக்கம் ஆடியது.

“ஒத்த சொட்டோட கோயிலுக்குப் போனா கமிட்டியில எவனாச்சும் மதிப்பானா?” என்றார். “ஊத்தறதா இருந்தா ஒழுங்கா ஊத்தணும்.” கையை நீட்டி மேலே காட்டினார். “பாப்பா, நீ ஊத்து.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொம்பை என் கையில் கொடுத்தாள். மூக்கு ஒழுக, கண்ணீர் ஒழுக, சொம்பில் மிச்சமிருந்ததை அப்படியே கவிழ்த்தேன். அது சரியாக அவர் வழுக்கைத் தலையில் விழுந்து இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது. தெரு வெடித்தது. பையன்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். பல வருடக் கடனைத் தீர்ப்பதுபோல அவர்மேல் ஊற்றினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் சாமந்திப் பூ நிறம். மாமா ஒரே தாவில் படியிறங்கி ஓடினார். நடுவே எங்கள் மக்கு வழிந்து டீத்தண்ணி நிறத்தில் சொட்டிக்கொண்டேயிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கேன்கள் இறங்கவில்லை. அம்மாவும் ஊருக்குப் போகவில்லை. கூரையில் ஓதமும் கூடவில்லை என்று வீட்டுக்காரரே சொன்னார். ஆவணி முடிவதற்குள் காய் பிடித்தது. பழுக்கத் தொடங்கியதும் அம்மா பழைய வழக்கப்படி பறித்துவிட, சிவக்கும்வரை விடச்சொல்லி நான் சண்டை போட்டேன். முதல் பழங்களை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கீழே கொடுத்தனுப்பினாள். அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு தண்ணீர்க் குழாயடியில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் வீட்டுக்கார அம்மா எங்கள் அம்மாவை “மருமவளே” என்று கூப்பிடுவார். யாராவது வந்துவிட்டால் “ஏம்மா” ஆகிவிடும். இது ஏன் மாறி மாறி வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. ஞாபக மறதி என்று முடிவு செய்தேன்.

அந்த மாடியில் நாங்கள் நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இருந்தோம். வீட்டுக்காரர் ஒரு நாளும் படியேறி வரவில்லை. கோயிலுக்கு நாற்பது படி ஏறுகிறவருக்கு எங்கள் வீட்டுப் படியில் மட்டும் எப்படி முட்டி வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே மாமன், மருமகள் என்று ஒரு முறை வர வழியே இல்லை என்பது அந்தக் காலையில் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. இஸ்திரிக்காரருக்குத் தெரியும், குடம் பிடித்த பையன்களுக்குத் தெரியும், என் மாமாவுக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான். அதனால்தான் தெரு மூச்சடைத்து நின்றபோது நான் மக்கை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். ஊற்றச் சொல்லி அவர் கையை நீட்டியபோது, சொம்பை வைத்திருந்த அம்மாவை விட்டுவிட்டு என்னை அவர் கூப்பிட்டதுகூட எனக்கு அன்று ஒரு பரிசாகத்தான் பட்டது. அவரால் வர முடிந்த தூரம் அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். அவ்வளவு தூரமாவது வந்தாரே என்றும் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு முடிக்கிறேன். எங்கள் கேன்கள் வழியாக வரும் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில்தான் வரும். அவர் சட்டையில் விழுந்தது சுத்தமான மஞ்சள். அது எந்தக் கேனுக்குள்ளும் போய் வந்த சொட்டு அல்ல. நேராக அம்மாவின் சொம்பிலிருந்து விழுந்தது. மக்கு வழிவதற்கு ஒரு நொடி முன்னால் விழுந்தது. கை தவறி விழுந்ததா, தெரிந்தே விட்டாளா? செடிக்கு ஊற்றும் தண்ணீரில் அம்மா அதற்கு முன்னும் பின்னும் மஞ்சள் கலந்து நான் பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு ஊரில் வைத்து நேராகவே கேட்டேன்.

“எறும்பு வந்துச்சு. மஞ்சத்தூள் போட்டா போயிரும்னு போட்டேன்” என்றாள் அம்மா, கொடி கட்டுவதை நிறுத்தாமலே.

மாமாவுக்கு நினைவில்லை. எதிர்வீட்டுத் தையல் அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்தக் காலையில் எங்கள் கேன்களில் எறும்பு இருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.